எலன் அம்மாள் என்னைக் கேட்கவில்லை

வாருங்கள் அய்யா. அந்த முக்காலியில் உட்கார வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த வண்டித் தட்டிலேயே உட்காருங்கள். எலன் அம்மாளை இருபத்திரண்டு வருஷம் சுமந்த வண்டி இது. உங்களையும் சுமக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து அந்த அம்மாவின் சரித்திரம் எழுத வந்திருக்கிறீர்கள் என்று உபதேசியார் சொன்னார். அவர்கள் சீமைக்குத் திரும்பிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதாவது ஒருவருக்குத் தோன்றியதே, சந்தோஷம். மிஷன் கோயிலில் விசாரித்திருப்பீர்கள், பெண்பிள்ளைகள் போர்டிங்கில் விசாரித்திருப்பீர்கள். எல்லோரும் நல்லதையே சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்கள், பேதி கண்ட வீட்டுக்குள் போய் உட்கார்ந்து மருந்து கொடுத்தார்கள். எல்லாம் நிஜம். நான் இல்லை என்று சொல்லவில்லை. அங்கெல்லாம் அவர்கள் நடந்தா போனார்கள்? என் வண்டியில்தானே போனார்கள்.

ஆனால் என் மனத்தில் ஒரு குறை இருக்கிறது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நல்லதெல்லாம் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். அதில் ஒரு நாள்கூட எலன் அம்மாள் என்னைக் கேட்கவில்லை.

என்ன கேட்கவில்லையா? வேதத்துக்கு வருகிறாயா, கிறிஸ்தவனாக ஆகிறாயா என்றுதான். வேறென்ன கேட்பார்கள்? அதைக் கேட்கத்தானே அத்தனை தூரம் கப்பல் ஏறி வந்தார்கள்?

சிரிக்காதீர்கள் அய்யா. எழுதுங்கள்.

என் பேர் மந்திரமூர்த்தி. எங்கள் குலசாமியின் பேர். அந்தப் பேரை வாயால் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். மந்திரம் என்று கூப்பிட்டாலும் அவர்களுக்கு ஆகாது, மூர்த்தி என்று கூப்பிட்டாலும் ஆகாது. அதனால் முதல் நாளே 'வண்டிக்காரரே' என்று ஆரம்பித்துவிட்டார்கள். மரியாதைதான். பேர் சொல்லாத மரியாதை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் தாய்மாமன் தெருவில் வழிமறித்து நின்றார். "ஏல, மூணே மாசம். உன்னைத் தண்ணியில முக்கி, பேரை மாத்தி, சாமுவேல்னு ஆக்கிருவா அந்த வெள்ளைக்காரி. பாத்துக்கிட்டே இரு."

"கேக்கட்டும் மாமா. நான் சொல்லுத பதிலைக் கேட்டா அந்த அம்மா மறு கப்பல்ல ஏறிருவா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பதில் ஒன்றும் கையில் இல்லை. அன்று முதல் அதைச் செய்ய ஆரம்பித்தேன். எனக்குப் படிப்பு இல்லை. மணலில் 'அ' போடுவதற்குள் அப்பா என்னை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார். ஆனால் வாய் உண்டு. பதிலை மூன்று பாகமாக வைத்துக்கொண்டேன். முதல் பாகம், ஏழு தலைமுறையாக எங்களைக் காக்கிற சாமியை நான் எப்படி விடுவேன் என்று நிதானமாகச் சொல்வது. இரண்டாவது, "உங்க சாமி என் மாட்டுக்கு என்ன செய்வாரும்மா?" என்று ஒரே கேள்வி. அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. மூன்றாவது, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பது. அப்போதிருந்த செவலைக் காளையிடம் சொல்லிப் பழகினேன். மயிலைக் காளைக்குப் பொறுமை கிடையாது, செவலைதான் முழுதும் கேட்கும்.

மூணு மாசம் ஆயிற்று. கேட்கவில்லை. புது ஆள், பழகட்டும் என்று நினைக்கிறார்கள் போல என்று இருந்தேன். ஒரு வருஷம் ஆயிற்று.

இதில் என்ன விசேஷம் என்றால், அவர்கள் கேட்காத ஆளே கிடையாது. பனையில் பாதி உயரம் ஏறினவனைக் கீழே நின்று அண்ணாந்து கேட்டார்கள். அவன் இறங்காமலே அரை மணி நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வளையல்காரனைக் கேட்டார்கள். கோயில் குத்துவிளக்கைத் திருட வந்து பிடிபட்டவனைக் கேட்டார்கள். அவன் சேர்ந்தே விட்டான், இப்போது கோயில் மணி அடிக்கிறான். என் மாமியாரைக் கேட்டார்கள். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காதே கேட்காதவளிடம் வாயைக் குவித்து, கையை ஆட்டி, நாலு நாள் உட்கார்ந்து கேட்டார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற ஆள்.

என் பெண்டாட்டி கோமு சேர்ந்தாள். அம்மாவிடம் எழுத்துப் படிக்கப் போனாள், படித்தாள், பிறகு ஒரு நாள் "நான் சேரட்டுமா?" என்றாள். "சேர்ந்துக்கோ, எனக்கென்ன" என்றேன். மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். நான் இன்றைக்கும் கோமு என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் வருகிறாள். அதில் எனக்குக் கோபம் இல்லை. சோற்றில் கை வைத்த பிறகு அவள் ஜெபம் முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும், குழம்பு ஆறிப்போகும், அது ஒன்றுதான் தொந்தரவு. என் கோபம் வேறு. ஒரே வீடு. அவளைக் கேட்டவர்கள், பக்கத்தில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டிக்காரரே, மாடுகளுக்குப் புல் வைத்தீரா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

கோமுவிடம் சொன்னேன். "உங்களுக்கு எரிச்சல் அவுக கேட்டுருவாகளோன்னா, கேக்கலையேன்னா?" என்றாள். படித்த பெண்டாட்டி இருந்தால் இப்படித்தான்.

இன்னும் கேளுங்கள். ஒரு மழைக்காலம், முள்ளிப்பட்டிக்குப் போனோம். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது, சத்தம் வரவில்லை. முப்பது பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் காப்பாற்றிய பைபிள் கதை, அதை நான் முன்னூறு தடவை கேட்டிருக்கிறேன். வண்டியை விட்டு இறங்கி நானே சொன்னேன்.

நன்றாகவே சொன்னேன். எருசலேம் என்றால் அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்? நான் திருச்செந்தூர்ப் பாதை என்று வைத்துக்கொண்டேன். தேரிக்காட்டுச் செம்மணல், உச்சி வெயில், கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முதலில் மணியக்காரர் வருகிறார், பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். அப்புறம் கணக்குப்பிள்ளை வருகிறார், அவரும் போகிறார். மூன்றாவதாக ஒரு வண்டிக்காரன் வருகிறான். அவன்தான் தூக்கித் தட்டில் போட்டு, தலைக்கு வைக்கோல் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

திரும்பி வரும்போது அம்மா இருக்கிற காற்றில் கேட்டார்கள், "வண்டிக்காரரே, புத்தகத்தில் அவன் கழுதையின்மேல் அல்லவா ஏற்றினான்?"

"விலா எலும்பு ஒடிஞ்சவனைக் கழுதை மேல ஏத்துனா ஊர் போய்ச் சேருறதுக்குள்ள செத்துருவாம்மா. வண்டிதான் சரி" என்றேன்.

அம்மா சிரித்தார்கள். தொண்டை கட்டினவர்கள் சிரித்தால் எப்படி இருக்கும், தெரியுமா? வண்டிதான் குலுங்கியது, சத்தமே இல்லை.

அந்தக் கதையைக் கேட்டு முள்ளிப்பட்டியில் மூன்று குடும்பம் வேதத்தில் சேர்ந்தது. மூன்று குடும்பம் அய்யா. இது உங்கள் புத்தகத்தில் வர வேண்டும். ஞானஸ்நானத்தன்று அவர்களை ஆற்றுக்கு ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான், ஏற்றிக்கொண்டு வந்ததும் நான்தான். கரையில் நின்றேன். இன்றைக்குக் கட்டாயம் கேட்பார்கள் என்று பதிலை எல்லாம் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். அம்மா நேராக என்னிடம் வந்தார்கள். "வண்டிக்காரரே" என்றார்கள். நான் துண்டைக்கூட இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"ஈரத் துணிகளைப் பின்தட்டில் வையும்" என்றார்கள்.

மறு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டேன். அப்போது வண்டியும் மாடும் மிஷனுடையது. கொண்டுபோய்க் கொட்டகையில் கட்டிவிட்டு, "உடம்புக்கு முடியல, வேற ஆள் பாத்துக்கிடுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லி வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். தெற்கேயிருந்து ஒருவனைப் பிடித்தார்கள். அவன் செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுபோய்த் தேரி மணலில் அச்சு முட்ட இறக்கினான். பொழுது சாய்கிற வரைக்கும் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார்களாம். எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த நிமிஷம் மாடு என்ன பாடுபட்டதோ என்று படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை, காலை வெயில் ஏறின நேரம். அம்மா நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முகமெல்லாம் சிவந்து கிடக்கிறது. கோமு பாயை விரித்தாள், உட்காரவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே, ரொம்ப யோசித்து வந்தவர்கள் மாதிரி, "வண்டிக்காரரே, நீர் இப்பொழுது என் வேலைக்காரர் அல்ல. ஆகையால்..." என்று ஆரம்பித்தார்கள்.

நான் முந்திக்கொண்டேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எனக்கு எல்லாம் புரியுது. நாளைக்குக் காலையிலேயே வந்து வண்டியைப் பூட்டிருதேன்."

அம்மா என்னையே பார்த்தார்கள். பிறகு குடையை மடக்கி, மறுபடி விரித்து, "நல்லது. வாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பாவம், நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பினால் கோமு நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். "அட கிறுக்கு மனுஷா! வேலைக்கு உங்களைக் கூப்பிடவா அவுக நடந்து வந்தாக? உங்களைக் கேக்கத்தான் வந்தாக!"

அப்போதுதான் சங்கதி தெரிந்தது. அவள் எப்போதோ அம்மாவிடமே கேட்டிருக்கிறாள், என் வீட்டுக்காரரை மட்டும் ஏன் கேட்பதில்லை என்று. அம்மா சொன்னார்களாம்: "என் கையில் சம்பளம் வாங்குகிறவரை நான் கேட்கலாகாது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருக்காது. சோற்றுக்காகச் சேர்ந்தான் என்று ஊரும் அவரைப் பேசும்."

எனக்கா வழி இருக்காது? எத்தனை வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறேன்! மாட்டேன் என்று என்னைப் போல அழகாகச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் உண்டா? அதைச் சொல்லவிடாமல் எனக்கு அவர்கள் நல்லது செய்தார்களாம்!

சரி, மறுபடி வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி விட? அடுத்த வருஷம் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய், தாய் தகப்பன் இல்லாமல் கிடந்த பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒரு நடைக்கு ஏழு, எட்டு. வழியில் ஒன்று அழுதால் எல்லாம் அழும். அதற்காக நான் பாட்டுப் பாடுவேன். கோயில் பாட்டுத்தான், வேறு எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? எந்நேரமும் காதில் விழுந்தது வாயில் வந்துவிட்டது, அது என் குற்றமா? சில ஊரில் மிஷன் ஆட்களைக் கிணற்றில் இறங்க விடமாட்டார்கள். என் நெற்றியில் திருநீறு இருக்கும், என்னை விடுவார்கள். காலை முதல் சாயங்காலம் வரைக்கும் இறைத்து ஊற்றுவேன். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதோடு பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் ஊற்றியது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பஞ்சம் போனால் பேதி வந்தது. பேதி போனால் போர்டிங்குக்கு ஓடு ஏற்ற வேண்டும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு கல்யாணத்திலாவது என்னை விட்டார்களா? "வண்டிக்காரத் தாத்தா ஓட்டினாத்தான் வண்டியில ஏறுவேன்" என்று ஒவ்வொன்றும் அடம். எனக்கு ஏது நேரம், வேலையை விட?

அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அம்மாவுக்கு முடியவில்லை, சீமைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. தூத்துக்குடிக்கு நான்தான் கொண்டுபோனேன். இரண்டு நாள் வழி.

கடற்கரையில் பெட்டிகளை எல்லாம் படகில் ஏற்றியாயிற்று. கப்பல் தூரத்தில் நிற்கிறது. அம்மா கடைசிச் சம்பளத்தை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்கள். வெள்ளை முடி காற்றில் பறக்கிறது.

"மந்திரமூர்த்தி" என்றார்கள்.

முழுப் பேர் அய்யா! அவர்கள் வாயிலிருந்து முதல் தடவை. என்னை யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி இருந்தது.

"இனி நீர் என் வேலைக்காரர் அல்ல. நான் உமக்கு எஜமானி அல்ல. ஆகவே இப்பொழுது கேட்கிறேன். வருகிறீரா?"

படகுக்காரன் அவசரப்படுத்துகிறான். நான் வாயைத் திறந்தேன். முதல் பாகம் எது? ஏழு தலைமுறை... அதற்கு மேல் வரவில்லை. மாட்டைப் பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேனே, அது எங்கே போயிற்று? துண்டைத் தேடினால் அது கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. கடற்காற்று, மணல் பறக்கும் அங்கே.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்மா. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் தீட்டினதற்கு இதுதான் மிச்சம். அம்மா சிரித்தார்கள். "நல்லது. நான் காத்திருப்பேன்" என்று சொல்லிப் படகில் ஏறினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, காத்திருந்தார்கள். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து கடிதம் வரும். தமிழில்தான் எழுதுவார்கள். கோமு படிப்பாள். எல்லோரையும் விசாரித்துவிட்டு எனக்கென்று ஒரு வரி இருக்கும்: 'மந்திரமூர்த்தி யோசித்தாரா?' நான் கோமுவை எழுதச் சொல்வேன்: 'யோசித்துக்கொண்டே இருக்கிறார்.' என்னை எத்தனை வருஷம் காக்க வைத்தார்கள், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுதான். ஆறு வருஷம் இப்படி நடந்தது. நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை பிறந்தால் எனக்குத் தபால்காரன் நினைப்பு வந்துவிடும்.

ஏழாவது வருஷக் கடிதத்தில்தான் வந்தது வினை. பள்ளிக்கூடத்தை விசாரித்தார்கள். கோயில் மணியை விசாரித்தார்கள். அந்தத் திருட்டுப் பயலை விசாரித்தார்கள். பழைய ஜோடி போனபின் அதே பேரில் வந்த செவலை எப்படி இருக்கிறது, மயிலை எப்படி இருக்கிறது. அதற்குக் கீழே கடைசியில் என் வரி. மாட்டுக்குக் கீழே அய்யா! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இனிமே என்னைக் கேக்க வேண்டாம்னு எழுது" என்றேன். கோமு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுத மாட்டேன். அவுக சொன்ன சொல் கேக்கிறவுக. வேண்டாம்னா விட்டுருவாக. அப்புறம் நீங்கதான் மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டுத் திரியணும்" என்றாள். "அப்போ இந்த ஜென்மத்துல உன்னை எனக்கு எழுதச் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய் எழுதி வாங்கிப் போட்டேன்.

மறு வருஷம் கடிதம் வந்தது. 'வண்டிக்காரருக்கு என் வணக்கம்.' அவ்வளவுதான். திருப்பிப் பார்க்கச் சொன்னேன், பின்பக்கம் வெறும் காகிதம். போன கிறிஸ்மஸுக்கும் அதே வரி. மந்திரமூர்த்தி போய், பழையபடி வண்டிக்காரர். வேண்டாம் என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா? பனை மேல் இருந்தவனை விட்டார்களா? காது கேட்காத என் மாமியாரை விட்டார்களா?

கோமு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ஏச்சு எவ்வளவோ தேவலை. அவளிடம் எழுதித் தா என்று கேட்க முடியாது, சத்தியம் இருக்கிறது. அந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். உபதேசியாரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கும் அறுபத்தேழு ஆகிறது. அவர்களுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாது. எத்தனை கிறிஸ்மஸ் இருக்கும்?

நீங்கள் எழுதுகிறதை அம்மாவுக்கு அனுப்பித்தான் சரிபார்ப்பீர்கள் என்று உபதேசியார் சொன்னார். மெய்தானே? அப்படியானால் அதோடு ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். இப்போதே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகப் பேசுங்கள், அடுப்பங்கரைக்குக் கேட்கும்.

எழுதுங்கள். 'மந்திரமூர்த்தி யோசித்து முடித்துவிட்டார். ஒரு தடவை கேட்கவும்.'

கேட்கவும் என்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதோ? 'கேட்பதானால் கேட்கலாம்' என்று போடுங்கள். இல்லை, வேண்டாம், 'கேட்கவும்' என்றே இருக்கட்டும். 'சீக்கிரம்' என்று ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குக் கீழே எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த மாடு இரண்டும் போய் மூணு வருஷம் ஆகிறது, அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நான்தான் எழுதவிடவில்லை.

எங்கே, படியுங்கள். ம். முழுப் பேரும் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? எந்த இடம், காட்டுங்கள். இதுதானா? இவ்வளவு நீளமா என் பேர்?

அங்கே என்ன சிரிப்பு, கோமு? உனக்கு ஒன்றும் இல்லை, அய்யாவுக்கு மோர் கொண்டு வா.

என்ன கேட்டீர்கள்? பதில் வருகிறேன் என்பதா, மாட்டேன் என்பதா என்றா?

நல்ல ஆள் அய்யா நீங்கள். வந்து அரை நாள் ஆகவில்லை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? கேட்டது நீங்கள் இல்லையே.